டிசி லைனில் பழுது வந்தால் என்ன ஆகும்?

கேள்வி: சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூருக்கு மின்சாரம் டிசியாகவே வருகிறதாமே. வழியில் மின்னல் விழுந்தால் வீட்டு எம்சிபி மாதிரி ட்ரிப் ஆகிவிடுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: நிற்கும், ஆனால் நிறுத்துவது பிரேக்கர் இல்லை. நம் வீட்டுக்கு வரும் ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம், நொடிக்கு 100 முறை தானாகவே பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. சுவிட்ச் திறக்கும்போது முனைகளுக்கு நடுவே எழும் நெருப்பு அந்த நேரத்தில் அணைந்துவிடும், மறுபடி பற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே திசையில் பாயும் டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது, முனைகளை விலக்க விலக்க நெருப்பு நீண்டுகொண்டே போகும். 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட், 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம் உள்ள இந்த லைனில் நிறுத்தும் வேலையைச் செய்வது இரு முனைகளிலும் ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் தைரிஸ்டர்கள் (மின்னணு சுவிட்சுகள்). பழுது தெரிந்ததும் ராய்கர் பக்கம் மின்சாரத்தை அனுப்புவதை விட்டு லைனில் இருப்பதைத் திரும்ப உறிஞ்சத் தொடங்கும், சிறிது நேரம் காற்று ஆறக் காத்திருந்து மறுபடி ஏற்றிப் பார்க்கும். ஒரு போலில்தான் (பிளஸ், மைனஸ் என்ற இரண்டு பக்கங்களில் ஒன்றில்) பழுது என்றால் மற்றது ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: அப்புறம் எதற்கு டிசி பிரேக்கருக்கு இவ்வளவு ஆராய்ச்சி? (சென்னை வாசகி)

பதில்: இரண்டு ஊரை இணைக்கும் லைன் என்றால் மொத்தத்தையும் நிறுத்தலாம். நாலைந்து ஊரைப் பின்னிய வலையில், ஒரு லைனில் பழுது என்பதற்காக அத்தனையையும் நிறுத்த முடியுமா? தவிர, இப்படிப்பட்ட வலைகளில் பயன்படும் ஐஜிபிடி (நினைத்த நேரத்தில் அணைக்கக்கூடிய மின்னணு சுவிட்ச்) வகை ஏசி-டிசி மாற்றிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு: ஐஜிபிடியை அணைத்தாலும், பக்கத்தில் இருக்கும் டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) வழியாக ஏசி பக்கத்து மின்சாரம் பழுதுக்கே பாயும். எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் சில மில்லிநொடிகளிலேயே எகிறிவிடும், சாதாரண ஏசி பிரேக்கருக்கோ 40 மில்லிநொடியாவது வேண்டும்.

2012-இல் ஏபிபி நிறுவனம் அறிவித்த கலப்பு பிரேக்கர் 5 மில்லிநொடியில் துண்டிக்கும். சாதாரண நேரத்தில் மின்சாரம் இயந்திரச் சுவிட்ச் இருக்கும் எளிய பாதையில் போகும். பழுது வந்ததும் அதை ஐஜிபிடி அடுக்கு உள்ள பக்கப் பாதைக்குத் தள்ளிவிடுவார்கள், இப்போது மின்சாரமே இல்லாமல் நிற்கும் இயந்திரச் சுவிட்ச் நெருப்பில்லாமல் திறந்துகொள்ளும். பிறகு ஐஜிபிடியை அணைத்தால், லைனில் தேங்கிய ஆற்றலை அரெஸ்டர் (வோல்டேஜ் அளவு மீறினால் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) வாங்கி வெப்பமாக்கித் தீர்த்துவிடும். அதாவது பூஜ்யம் வராது என்பதால் இவர்களே ஒன்றை உண்டாக்குகிறார்கள்.

எனக்குப் பிடித்தது, எந்த லைனில் பழுது என்று கண்டுபிடிக்கும் விதம். ஒவ்வொரு லைன் முனையிலும் ஒரு பெரிய சுருள் இருக்கும். பழுது அந்த லைனிலேயே என்றால் வோல்டேஜ் செங்குத்தாக விழும், பக்கத்து லைனில் என்றால் அலை சுருளைத் தாண்டி வருவதற்குள் மழுங்கிவிடும், விழும் வேகத்தைப் பார்த்தே ரிலே (பிரேக்கருக்குக் கட்டளையிடும் காவல் கருவி) முடிவெடுக்கும். அதே சுருள் மின்னோட்டம் எகிறுவதையும் தாமதப்படுத்துகிறது. சீனாவின் ஜாங்பெய்யில் 2020-இல் இயங்கத் தொடங்கிய 500 கிலோவோல்ட், நான்கு நிலைய வளையத்தில் இந்த மாதிரி பிரேக்கர்கள் நிஜமாகவே வேலையில் இருக்கின்றன.

கேள்வி: வீட்டு சோலார் பேனலுக்கு ஏசி எம்சிபி போடலாமா? எலக்ட்ரீஷியன் போதும் என்கிறார். (மதுரை வாசகர்)

பதில்: போடாதீர்கள். டிசிக்கென்றே வரும் எம்சிபி வாங்குங்கள், சரி, வாங்கிய பிறகு அதில் + – குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உள்ளே ஒரு காந்தம் நெருப்பை அணைக்கும் அறைக்குத் தள்ளும். மாற்றி இணைத்தால் எதிர்ப்பக்கம் தள்ளும்.