செவ்வாய்க்கிழமை மட்டும் முடி வெட்டிவிடலாமா?

கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு கிராமத்தில் சலூன் வைத்திருக்கிறேன். காலனியைச் சேர்ந்தவர்களுக்கு முடி வெட்டினால் ஊரில் ஒருவரும் வரமாட்டோம் என்கிறார்கள் பெரியவர்கள். வேண்டுமானால், கடை விடுமுறையான செவ்வாய்க்கிழமையில் அவர்களுக்கு வெட்டிக்கொள் என்கிறார்கள். சொந்தக் கடையில் யாருக்கு வெட்டுவது என்பது என் உரிமை அல்லவா?

பதில்: தொழில் நடத்தும் சுதந்திரத்தை அரசமைப்பின் 19-வது பிரிவு உங்களுக்குத் தருகிறது, பொதுநலன் கருதி அதற்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளை 1996-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது நம் பகுதிக்குப் புதிய செய்தி அல்ல. பிறப்பைக் காரணம் காட்டிக் கடைக்குள் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்று 15(2) கூறுகிறது; தீண்டாமையையே 17-வது பிரிவு ஒழித்துவிட்டது.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 'கடை' என்பதற்கு விளக்கம் சொல்லும்போது முடிதிருத்தும் நிலையத்தைத் தனியே குறிப்பிடுகிறது. எந்தக் கடையில் சிக்கல் வரும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள் போலும். அச்சட்டத்தின் 6-வது பிரிவின்படி, வழக்கமான தொழிலில் மற்றவர்களுக்குச் செய்யும் சேவையை, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் செய்ய மறுப்பதே குற்றம் என்பதால், செவ்வாய்க்கிழமை ஏற்பாடும் உங்களைக் காப்பாற்றாது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு; பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மறுப்புக்குக் காரணம் தீண்டாமையே என்று 12-வது பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும், அல்ல என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால் தண்டனை கூடும். முன்ஜாமீனுக்கும் அச்சட்டத்தின் 18-வது பிரிவு தடையாக நிற்கும்.

குடித்துவிட்டு வந்து தகராறு செய்பவரையோ, காசு தராதவரையோ, எந்தத் தெருக்காரர் ஆனாலும், நீங்கள் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

உங்கள் வருமானம் குறையும் என்ற அச்சம் நியாயமானது. ஒருவர் தானாக வேறு கடைக்குப் போனால் சட்டம் அவரைத் தடுக்காது. அது அவருடைய சுதந்திரம். ஆனால் தீண்டாமையைக் கடைப்பிடிக்கும்படி உங்களைத் தூண்டுவது 7-வது பிரிவின்படி குற்றம். ஆகவே யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்திலோ, மாவட்டக் காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவிலோ எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீது கேட்டு வாங்குங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்றால், வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்களுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.