முதலில் துளை, அப்புறம் மணி

அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரஸ்ஸல் மார்க்கெட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. எங்கள் நன்னா (தாத்தா) மேலப்பாளையத்துக்காரர். 1978-இல் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். அப்போது வாங்கி வந்த, ஓதுவதை எண்ண உதவும் தஸ்பீஹ் மணிமாலை கடைசி வரை அவர் கையில் இருந்தது. போன மாதம் என் சின்ன மகன் இழுத்ததில் நூல் அறுந்து வீடு முழுக்கச் சிதறிவிட்டது. கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடிச் சேர்த்ததில் தேன் நிற மணிகள் 97, தட்டையானவை 2, கட்டைவிரல் நீளத்தில் ஒன்று, மொட்டு மாதிரி சின்னதாக ஒன்று. கூடவே பொத்தான் மாதிரி மெல்லிய வட்டு ஒன்றும் கிடைத்தது. அது இதைச் சேர்ந்ததுதானா என்று தெரியவில்லை.

சிவாஜிநகரில் ஒரு கடையில், "பிளாஸ்டிக்தாம்மா, பிரிச்சு 33 மணியா ரெண்டு கட்டித் தர்றேன்" என்றார்கள். இன்னொருவர் அம்பர் என்று சொல்லி விலைக்குக் கேட்டார். என் தம்பியோ, "விரலில் எண்ணுவதுதான் சுன்னத் (நபிவழி), மணியை விட்டுடு" என்கிறான். நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, பிரேசர் டவுன், பெங்களூரு

*

வ அலைக்கும் ஸலாம், தங்கச்சி.

முதலில் அந்த வட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது நன்னாவின் தஸ்பீஹைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். துருக்கிப் பாணியில் கட்டிய தஸ்பீஹ்களில் ஏழாவது மணியை அடுத்து இப்படி ஒரு மெல்லிய வட்டைக் கோப்பது உண்டு. துருக்கியில் அதற்குப் 'புல்' என்று பெயர். மீன் செதிலுக்கும் தபால்தலைக்கும் அங்கே அதே சொல்தான். ஏழு முறை ஓத வேண்டியதை எண்ணுகிறவருக்கு அது அடையாளம். நடுவிரலும் கட்டைவிரலும் அந்த வட்டைத் தொட்டதும் ஏழு முடிந்தது என்று தெரிந்துவிடும். கண்ணைத் திறக்க வேண்டியதில்லை.

மற்ற உறுப்புகளும் அப்படித்தான். தட்டையாக இரண்டு இருப்பதாகச் சொன்னீர்களே, அவை நிஷான்கள், அதாவது அடையாள மணிகள். 33 மணிக்குப் பிறகு ஒன்று, 66-க்குப் பிறகு ஒன்று. நீளமானது இமாம். உர்தூக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள், துருக்கியர் 'இமாமெ' என்பார்கள். தொழுகையில் முன்னால் நிற்கிறவரைப் போல மணிகளுக்கெல்லாம் முன்னால் நிற்பது அது. மொட்டு மாதிரி இருப்பது இமாமின் தலையில் உட்காரும். அதற்கு மேலே குஞ்சம். குஞ்சம் உங்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, அது எப்போதும் புதிதாகக் கட்டுவதுதான்.

இமாமைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் நூலின் இரண்டு முனைகளும் நுழைய இடம் இருக்கும், உச்சியில் ஒரே வழியாக வெளியே வரும். 99 மணியைச் சுற்றி வந்த இரண்டு முனையும் அதற்குள்தான் சேர்கின்றன. முடிச்சு மேலே, மொட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். மணிகள் புரளும் பாதையில் முடிச்சு இருக்கவே கூடாது.

99 எதற்கு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தொழுகைக்குப் பிறகு சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33. நூறாவதாக 'லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு' என்று முடிப்பதாக 'ஸஹீஹ் முஸ்லிம்' என்ற தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. தக்பீரை, அதாவது அல்லாஹு அக்பரை, 34 ஆக்கி நூறை நிரப்புவதும் உண்டு. படுக்கப் போகும்போது ஓதும் அந்தக் கணக்கை நபி (ஸல்) தம் மகள் ஃபாத்திமாவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். திருகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போய், வேலைக்கு ஓர் ஆள் கேட்டு வந்த மகளுக்கு, ஆளைவிட மேலானது என்று சொல்லிக் கொடுத்தது. தஸ்பீஹைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காய்த்த கைதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது மணிக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் சென்னப்பட்டணத்தில்தான். நம் ஊரிலிருந்து மைசூர் ரோட்டில் 60 கிலோமீட்டர். மர பொம்மைக்குப் பேர்போன ஊர். கடைசல் பட்டறைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறைய பேர் முஸ்லிம்கள். பொம்மைக்கு எடுக்கும் அதே மரத்தில்தான் மணியும் கடைகிறார்கள். கன்னடத்தில் ஆலெ மரம், தமிழில் வெட்பாலை. வெள்ளை வெளேர் என்று, நார் தெரியாமல், நகம் பட்டாலே அழுந்துகிற மாதிரி இருக்கும்.

மணி என்றால் முதலில் உருண்டையாகக் கடைந்து, பிறகு துளை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பட்டறையில் பெரியவர் ஒருவர் செய்து காட்டினார். முதலில் சின்னக் கட்டையில் துளை. அந்தத் துளையில் கம்பியைச் செருகி, கடைசல் இயந்திரத்தில் பூட்டி, சுழலவிட்டு, உளியை வைக்கிறார். துளையைச் சுற்றித்தான் மணி உருவாகிறது. அப்படிச் செய்தால் துளை சரியாக நடுவில் நிற்கும். கடைந்த பிறகு துளைத்தால் மயிரிழை விலகினாலும் போதும், நூலில் மணி நேராக நிற்காது, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கும். 99 மணியில் பத்து மணி அப்படிச் சாய்ந்தால் விரல் தடுமாறும், எண்ணிக்கை போய்விடும். துருக்கியிலும் துளைத்துவிட்டுத்தான் கடைகிறார்கள். அங்கே ஒரு கையால் வில்லை இழுத்துக் கடைசலைச் சுழற்றி, மறுகையால் உளி பிடித்த காலம் ஒன்று உண்டு.

அப்புறம் அரக்கு. வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மணியின் மேல் வைத்து அழுத்தினார். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறியது. பெயின்ட் அடிக்கிற பேச்சே இல்லை. கடைசியாகக் காய்ந்த தாழை மடலை மடித்து மணியின் மேல் பிடித்தார். இரண்டு நொடிதான். மங்கலாக இருந்தது பளபளவென்று ஆகிவிட்டது. நான் அசந்து நிற்க, அவர் அதைக் கண்டுகொள்ளாமல் மணியைக் கழற்றி, துளையின் வாயைச் சுண்டுவிரல் நகத்தால் தடவிப் பார்த்தார். இரண்டு வாயிலும் விளிம்பை மழுக்கினார். விளிம்பு கூராக இருந்தால் நூலை அது அறுத்துவிடுமாம்.

உங்கள் மணிகளிலும் துளையின் வாயைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று உள்வாங்கியிருந்தால், அதைச் செய்தவர் வேலை தெரிந்தவர்.

இனி அம்பரா பிளாஸ்டிக்கா என்பது. நம்மூரில் அம்பர் என்றாலே குழப்பம், அத்தர் கடையில் சொல்கிற அம்பர் திமிங்கிலத்திலிருந்து வருவது. மணிக்குரியது பழங்கால மரங்களின் பிசின், மண்ணுக்கடியில் கல்லாகிப்போனது. பாரசீகத்தில் அதை 'கஹ்ருபா' என்றார்கள், வைக்கோலைக் கவர்வது என்று அர்த்தம். கம்பளியில் தேய்த்தால் வைக்கோல் துணுக்கை இழுத்துக்கொள்ளும். ஆனால் பிளாஸ்டிக்கும் அப்படி இழுக்கும் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் நம்பகமானது. ஒரு டம்ளர் தண்ணீரில் இனிக் கரையாது என்கிற வரை உப்பைக் கரைத்து ஒரு மணியைப் போடுங்கள். அம்பரானால் மிதக்கும். மூழ்கினால் கண்ணாடி, அல்லது பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக் வகை. மிதக்கிற பிளாஸ்டிக்கும் உண்டு, முதிராத இளம்பிசினும் மிதக்கும். அதனால் மூழ்கினால் அம்பர் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம், மிதந்தால் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பார்த்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கிறேன், நெயில் பாலிஷ் ரிமூவர் தடவிப் பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் மணியைக் கொடுக்காதீர்கள்.

என் ஊகம், அது பேக்லைட் வகையாக இருக்கும். பேக்லைட் 1907-இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்தது. அந்த வகை பிளாஸ்டிக்கில் வார்த்த தஸ்பீஹ்கள் ஏராளம். மஞ்சளாக வாங்கியது வருஷம் போகப் போகத் தேன் நிறமாகும், அப்புறம் சிவக்கும். அப்படி இருந்தால் மனம் சோர்ந்து போகாதீர்கள். பிளாஸ்டிக் என்று கடைக்காரர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. எந்தப் பொருளாக இருந்தாலும், அத்தனை வருஷம் நன்னாவின் விரல் பட்டு வழவழப்பானது அது. அந்த வழவழப்பை எந்தப் பட்டறையிலும் கடைந்துவிட முடியாது.

உங்கள் தம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விரலால் எண்ணுங்கள், விரல்கள் மறுமையில் கேட்கப்படும், பேசவைக்கப்படும் என்ற ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் வருகிறது. விரல்தான் முந்தியது. ஆனால் மணி கூடவே கூடாது என்று அடித்துப் பேசுவது சரியில்லை. கி.பி. 910-இல் மறைந்த சூஃபி ஞானி ஜுனைதுல் பக்தாதியின் கையில் தஸ்பீஹ் இருந்ததைப் பார்த்து, உங்களுக்கு எதற்கு இது என்று கேட்டார்களாம். இறைவனிடம் என்னைச் சேர்த்த வழியை விடமாட்டேன் என்றாராம். மார்க்க அறிஞர் இமாம் சுயூத்தி தஸ்பீஹைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். தம்பியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் விரலில் எண்ணட்டும், நீங்கள் நன்னாவின் மணியில் எண்ணுங்கள்.

கோப்பதைப் பற்றி நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் உம்மாவின் தஸ்பீஹ் அறுந்தபோது, இனி அறுந்துவிடக் கூடாது என்று தூண்டில் நரம்பில் கோத்துக் கொடுத்தேன். இறுக்கமாக, ஒரு மணி அகலம்கூட இடைவெளி விடாமல். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால் தஸ்பீஹ் முஸல்லாவுக்கு (தொழுகை விரிப்புக்கு) பக்கத்தில் சுருண்டு கிடக்கிறது, உம்மா விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நரம்பு விறைத்துக்கொண்டு மணியை நகரவிடவில்லை. அதைப் பிரித்து மறுபடி கட்டித் தந்தவர் சிவாஜிநகரில் பள்ளிவாசல் பக்கம் தரையில் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். மணிகளைப் பதினொன்று பதினொன்றாக ஒதுக்கினார். மூன்று பதினொன்று சேர்ந்தால் ஒரு நிஷான். நூல் முனையில் மெழுகைத் தேய்த்து முறுக்கிக் கூராக்கினார், ஊசியே எடுக்கவில்லை. முடிச்சுப் போடும் முன் மூன்று மணி அகலத்துக்கு நூலைக் காலியாக விட்டு, ஒரு மணியைத் தள்ளிக் காட்டினார். டக்கென்று போய் அடுத்த மணியில் மோதியது. "இந்தச் சத்தம் வரணும்" என்றார். உம்மாவிடம் கொடுத்ததும் அவர்களும் அதைத்தான் செய்தார்கள், ஒரு மணியைத் தள்ளிப் பார்த்தார்கள்.

ஆகவே பிரித்து இரண்டாகக் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைகிற இரண்டு மணிக்குச் சென்னப்பட்டணத்தில் அதே அளவில் இரண்டு கடைந்து வாங்கலாம். நிறம் சேராது, சேரவும் வேண்டாம். அவற்றை இமாமுக்கு இரு பக்கமும், முதல் மணியாகவும் கடைசி மணியாகவும் கோத்துவிடுங்கள். நடுவில் வந்தால்தான் விரல் திடுக்கிடும். தொடக்கத்திலும் முடிவிலும் வந்தால் அதுவே ஓர் அடையாளமாகிவிடும். வட்டு, இமாமிலிருந்து ஏழு எண்ணி, அதன் பிறகு.

அறுந்த நூலில் ஒரு துண்டாவது வீட்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள், பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். கடைக்குப் போகும்போது கொண்டுபோங்கள். அந்தத் தடிமனுக்குத்தான் பட்டு நூல் வாங்க வேண்டும்.