ஏரிக்கரையில் தூண்டில் போட 300 ரூபாய் கேட்கிறார்கள்: கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் படகு சவாரி நடக்கும் ஏரி ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை 10 வயது மகனைக் கூட்டிக்கொண்டு போய், மூங்கில் கம்பில் தங்கூசி நரம்பு கட்டி, மண்புழு கோத்துத் தூண்டில் போட்டேன். இரண்டு ஜிலேபி மாட்டியது. பைக்கில் வந்த ஒருவர், "ஏரி எங்க குத்தகை, 300 ரூபா எடுங்க" என்றார். படகு டிக்கெட்டைக் காட்டியும் விடவில்லை. லேமினேட் செய்த காகிதம் ஒன்றை நீட்டினார். போனில் ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டேன். ரசீது தரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பாதி ஏமாந்திருக்கலாம். மீதிப் பாதியில் தவறு உங்கள் பக்கம்.

படகு டிக்கெட் படகுக்கு மட்டும்தான். ஏரியின் மீன் பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, தனியாக ஏலம் போகிறது. அதை எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருப்பார். அவர் சம்மதம் இல்லாமல் ஒற்றைத் தூண்டில்கூடப் போடக் கூடாது. ஜிலேபியை யாரும் விடவில்லை, அது தானாகப் பெருகிக் கிடக்கிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் தூண்டிலில் ஜிலேபி மட்டும்தான் மாட்டும் என்று யார் உத்தரவாதம் தருவது?

வந்தவர் குத்தகைதாரர்தானா என்பதுதான் கேள்வி. நான் மீன்வளத்துறையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்த தந்திரம் இது: காலாவதியான குத்தகை உத்தரவை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருப்பார்கள். முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'பசலி 1432' என்று இருக்கும். உங்களுக்குப் புரியாது. புரியாது என்பதில்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது.

பசலி என்பது அரசு அலுவலகங்களின் வருவாய்க் கணக்கு ஆண்டு. கணக்கு சுலபம். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டுங்கள். வரும் ஆண்டின் ஜூலை 1-ல் அந்தப் பசலி தொடங்கி, அடுத்த ஜூன் 30-ல் முடியும். 1432 என்றால் 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை. அக்பர் காலத்து அறுவடைக் கணக்கை நம் அலுவலகங்கள் இன்னும் விடவில்லை. பக்கத்தில் ஆங்கிலத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். மூன்று அல்லது ஐந்து பசலிக்குச் சேர்த்தும் குத்தகை விடுவதுண்டு, அதனால் கடைசிப் பசலி எது என்று பாருங்கள்.

இன்னொரு கூட்டம், 'தமிழ்நாடு முழுக்கச் செல்லும் தூண்டில் லைசென்ஸ்' என்று வாட்ஸப்பில் அட்டை விற்கிறது. அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு நீர்நிலைக்கும் உரிமை வேறு கையில் இருக்கிறது. பவானிசாகர், சாத்தனூர், ஆழியாறு மாதிரி அணைகளில் மீன்வளர்ச்சிக் கழகம். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைந்த ஏரி என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேல் நீர்வளத்துறை. படகு சுற்றுலாத் துறையிடம், கரையில் நடைபாதை நகராட்சியிடம். மீனைப் பற்றிக் கேட்டால் நாலு பேரும் நாலு திசையில் கை காட்டுவார்கள்.

யார் சம்மதித்தாலும் செல்லாத இடம் ஒன்று உண்டு: பறவைகள் சரணாலய ஏரிகள். வேடந்தாங்கல், கரிக்கிலி, வெள்ளோடு, கூந்தன்குளம் எல்லாம் இதில் சேரும். தண்ணீர் பாசனத்துக்குப் போகிறதே, இதுவும் ஏரிதானே என்று நினைக்காதீர்கள். அங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. 'நமக்கு வேண்டப்பட்டவர்தான், சாயங்காலம் வாங்க' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அறுந்து விழுந்த தங்கூசி கருவேல முள்ளில் சிக்கிக் கிடக்கும். நாரை அதில் காலை வைக்கும். இழுக்க இழுக்க நைலான் சதைக்குள் இறங்கும். அப்படி ஒரு நத்தைகுத்தி நாரையின் காலிலிருந்து பிளேடால் தங்கூசியை அறுத்து எடுத்திருக்கிறேன். பறவை பிழைத்தது, விரல் ஒன்று போய்விட்டது. சரணாலயம் அல்லாத ஏரியிலும் அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டு வாருங்கள், பையனுக்கும் பழக்குங்கள்.

இனி உங்கள் 300 ரூபாய். ஸ்கேன் செய்தபோது திரையில் வந்த பெயர் போனில் இருக்கும். அந்த ஏரியின் இந்தப் பசலிக்கான குத்தகை உத்தரவின் நகல் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். உத்தரவில் உள்ள பெயரும் போனில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் குத்தகைதாரரிடமே காட்டுங்கள். அவர் பெயரில் வேறொருவர் வசூல் செய்வதை முதலில் தடுப்பவர் அவராகத்தான் இருப்பார். பதில் தர 30 நாள் அவகாசம். முதலில், 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு கடிதம் வரும். பதறாதீர்கள், அது எல்லாருக்கும் வருவதுதான்.