சுவரை எடுத்தால் வீடு தாங்குமா?

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருக்கும் சுவரை எடுத்து, பின்பக்கமும் கொஞ்சம் இழுத்துக் கட்டி, ஒரே பெரிய இடமாக்க ஆசை. மேஸ்திரி "தாராளமாக இடிக்கலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் வாய்வார்த்தையை மட்டும் நம்பி இடிக்காதீர்கள். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான், ஒன்பது அங்குலம் என்றால் மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் தடிமனை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் நேரில் வந்து பார்த்தே ஆகவேண்டும். தாங்குசுவர் என்றாலும் கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது. முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, அப்புறம் சுவருக்குப் பதிலாகப் பாரம் தாங்க பீம் (உத்தரம்) போட்டு, அது கான்கிரீட் பீம் என்றால் நன்றாக இறுகிய பிறகுதான் முட்டுகளை எடுக்க வேண்டும். பீமின் இரண்டு முனையிலும் பாரம் மொத்தமாக இறங்கும், அங்கே அடியில் அஸ்திவாரம் போதுமா என்று கட்டாயம் கேளுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

புதிதாகக் கட்டும் பகுதி பழையதோடு ஒரே அளவில் மண்ணில் இறங்காது, இணைப்பில் விரிசல் விடும், அதனால் அங்கே இடைவெளி விட்டு ஜாயின்ட் கொடுக்கச் சொல்லுங்கள். சரி, தாளிப்புப் புகை? சிம்னி குழாய் வெளிச்சுவர் வழியாக வெளியே போகட்டும், இல்லையென்றால் சோபா துணியெல்லாம் எண்ணெய் வாடைதான்.