வெந்நீர் ஊற்றின் தண்ணீரையும் வாயுவையும் சோதித்தே பூமிக்கடியில் மின்சாரம் எடுக்கும் அளவுக்குச் சூடு இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

முடியும். அச்சுப் பிசகாமல் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்துத் துளை போடலாமா என்று முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்லலாம்.

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கைப் பாருங்கள். சுமார் 4,400 மீட்டர் உயரம். அங்குள்ள ஊற்றுகளில் அதிகபட்சம் 84 டிகிரி செல்சியஸ். இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான்! அடியில் 150 இருந்தாலும் 250 இருந்தாலும் மேலே வெப்பமானி அதைத் தாண்டாது. எனவே தண்ணீரில் கரைந்திருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது சிலிக்கா. சிலிக்காவால் ஆன தாது குவார்ட்ஸ். பாறையில் அதோடு நெடுங்காலம் கிடக்கும் தண்ணீர், 100 டிகிரியில் கிலோவுக்குச் சுமார் 48 மில்லிகிராம் சிலிக்காவைக் கரைத்துக்கொள்ளும். 200 டிகிரியில் சுமார் 265. மேலேறும்போது தண்ணீர் சட்டென்று ஆறிவிடும், சிலிக்கா அவ்வளவு வேகமாகப் படியாது. அதனால் ஆழத்தில் இருந்த சூட்டை அந்த அளவிலிருந்து கணக்கிடலாம். மாதிரி எடுத்த இடத்திலேயே காய்ச்சி வடித்த நீரைப் பத்து மடங்கு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் சிலிக்கா திரண்டு, அளவு குறைவாகக் காட்டும்.

வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்தாலும் சிலிக்கா குறையும். அப்போது தண்ணீரில் உள்ள சோடியம்–பொட்டாசியம் விகிதம் கைகொடுக்கும். அதுவும் ஆழத்துச் சூட்டைப் பொறுத்தே அமையும். குளிர்நீர் கலந்தாலும் அந்த விகிதம் அவ்வளவாக மாறாது. மெக்னீசியம் அதிகமாக இருந்தால் மேல்மட்ட நீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

வாயுவுக்கு, காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குடுவை வேண்டும். கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் கரைசலில் போய்விடும். ஹைட்ரஜன், மீத்தேன், ஹீலியம் மேலே தங்கும். ஹைட்ரஜன் கூடுதலாக இருப்பது ஆழத்தில் நல்ல சூடு இருப்பதற்கு அடையாளம். ஹீலியத்தின் லேசான வகையான ஹீலியம்-3 தூக்கலாக இருந்தால், பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கிலிருந்து வாயு வருகிறது.

பூகாவில் வேதியியல் கணக்குகள் 200 டிகிரிக்கு மேல் காட்டின. 1970களில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 385 மீட்டர் வரை போட்ட துளைகளில் கிடைத்தது சுமார் 140. இதைக் கணக்கின் தோல்வி என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். துளைகள் ஆழம் போதவில்லை. ஆனால் பாறையில் தண்ணீர் தாராளமாக ஓட இடுக்கு இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்குத் தாங்கும் என்பதை வேதியியல் சொல்லாது. அதற்குத் துளை போட்டே ஆகவேண்டும்.

சிலிக்காவும் சோடியம்–பொட்டாசியமும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தைக் காட்டி, மெக்னீசியமும் குறைவாக இருந்தால் தைரியமாக அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஐம்பது டிகிரி முரண்பட்டால், சராசரி போட்டு ஒப்பேற்றாமல் வேறு பருவத்தில் மறுபடி மாதிரி எடுங்கள்.