ஐடா டார்பெல்: கேள்வி பதில்

இன்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐடா டார்பெல் (1857–1944) மட்டும். ஜான் ராக்ஃபெல்லர் தொடங்கி வளர்த்த ராட்சத எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் கதையை 1902 முதல் 1904 வரை மெக்ளூர்ஸ் மாத இதழில் 19 பகுதிகளாக எழுதியவர். ராக்ஃபெல்லர் குடும்பச் சொத்துக் கணக்கு என்னிடம் இல்லை, கேட்காதீர்கள்.

கே: அப்பாவின் தொழில் நொடித்த கோபத்தில்தானே எழுதினார்?

கோபம் இருந்தது. அப்பா பென்சில்வேனியா எண்ணெய் வயல்களில் மரத்தொட்டி செய்து பிழைத்தவர். 1872-ல் ராக்ஃபெல்லர் கூட்டமும் ரயில் கம்பெனிகளும் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டன. கூட்டத்தாருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி. அதோடு நிற்கவில்லை, வெளியாள் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவன் கட்டிய கூலியில் ஒரு பங்கு இவர்கள் பைக்கு வரும்! ஊரே கொதித்ததில் ஒப்பந்தம் சில வாரங்களில் ரத்தானது. அப்போது ஐடாவுக்கு 14 வயது. ஆனால் எழுதியது 30 வருடம் கழித்து, நீதிமன்ற, விசாரணைக் குழு ஆவணங்களைக் கட்டுக்கட்டாகப் படித்த பிறகு. பழிவாங்க வந்தவர் இவ்வளவு தாள் புரட்ட மாட்டார்.

கே: கம்பெனிக்கு உள்ளேயிருந்து யாராவது உதவினார்களா?

நல்ல கேள்வி. மார்க் ட்வைனின் நண்பர் ஹென்றி ரோஜர்ஸ், கம்பெனியின் பெரிய தலை, சுமார் இரண்டு வருடம் அவரைச் சந்தித்துப் பேசினார். ரோஜர்ஸுக்கே தெரியாமல் உதவியவன் வேறு ஆள். கம்பெனி அலுவலகத்தில் பழைய தாள்களை எரிக்கும் வேலை பார்த்த ஒரு பையன், அவற்றில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயரைப் பார்த்தான். அவர் தனியாக எண்ணெய் வியாபாரம் செய்தவர். அவருடைய சரக்கு எங்கே போகிறது என்று ரயில்வே குமாஸ்தாக்கள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த குறிப்புகள் அவை. பையன் எரிக்கவில்லை. ஆசிரியரிடம் கொடுத்தான், அவர் வழியாக ஐடாவுக்கு வந்தது. அது அச்சானதும் ரோஜர்ஸ் கொதித்துப்போனார். அத்தோடு சந்திப்புகள் முடிந்தன.

கே: ஒற்றை ஆளாகக் கம்பெனியை உடைத்தாரே!

இல்லை. இதை எத்தனை முறை சொல்வது? 1911-ல் 34 துண்டாக்கியது உச்ச நீதிமன்றம். வழக்குத் தொடுத்தது அமெரிக்க அரசு. ஐடா அதற்கு மக்கள் மனதைத் தயார் செய்தார், அவ்வளவுதான்.

கே: பெண் விடுதலைப் போராளியா?

பெண்கள் வாக்குரிமையையே எதிர்த்தவர். கசக்கும், ஆனால் உண்மை.

கே: "சேறு கிளறுபவர்" பட்டம்?

1906-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், இப்படி ஊழலைத் தோண்டி எழுதும் பத்திரிகையாளர்களைத் திட்டிச் சொன்னது. ஐடாவுக்குப் பிடிக்கவில்லை. தன்னை வரலாறு எழுதுபவராகவே நினைத்தார். அதற்கு முன்பே நெப்போலியன், லிங்கன் பற்றி எழுதிப் பேர் வாங்கியவர் ஆயிற்றே.

கே: ஐயா, அப்பாவுக்காகப் பழிவாங்கத்தானே...

முதல் கேள்வியைப் படியுங்கள், தம்பி.

கே: ராக்ஃபெல்லர் பதில் சொன்னாரா?

வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. பெயரைத் திரித்து "மிஸ் டார்பேரல்", அதாவது தார்ப் பீப்பாய், என்று கேலி செய்ததோடு சரி.