கொப்பரை யாருடையது?

கேள்வி: எனக்கு 25 வயது. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே தோல் பதனிடும் வேலை பார்த்தவர். அம்மா இட்லி அவித்து விற்கிறார். எனக்கு லோயர் பரேலில், பழைய மில் வளாகத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலை. சோஷலிசம் என்றால் என்னவென்று முறையாகப் படிக்க ஆசைப்பட்டு மார்க்ஸின் 'மூலதனம்' முதல் பாகத்தை வாங்கினேன். நாற்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எனக்கு அறிவு போதாதா? ஆபீஸில் சொன்னால், "ரேஷன் கடை வரிசைதான் சோஷலிசம்" என்று சிரிக்கிறார்கள். எங்கே தொடங்குவது?
- பெயர் வேண்டாம், தாராவி, மும்பை

பதில்: முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். உங்கள் அறிவில் குறையில்லை, தொடங்கிய இடம்தான் தப்பு. முதல் அத்தியாயம்தான் இருப்பதிலேயே கடினம் என்று மார்க்ஸே முன்னுரையில் எச்சரித்திருக்கிறார். 1867-இல் புத்தகம் வந்த கையோடு, நண்பர் குகல்மனுக்கு எழுதிய கடிதத்தில் குகல்மனின் மனைவி எதைப் படிக்கலாம் என்றும் சொல்லி அனுப்புகிறார். வேலைநாள் பற்றிய அத்தியாயம், கூட்டுழைப்பும் வேலைப் பிரிவினையும் இயந்திரமும் பற்றிய பகுதிகள், முதலில் மூலதனம் எப்படிச் சேர்ந்தது என்று சொல்லும் கடைசிப் பகுதி. எழுதியவரே முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லவில்லை, பார்த்தீர்களா? நானும் இருபது வயதில் மாஸ்கோவில் அச்சான தடித்த தமிழ்ப் புத்தகம் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாதுங்கா முழுக்கத் திரிந்தவன்தான். படித்தேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு நான் கொடுக்கும் முதல் புத்தகம் 'கூலியுழைப்பும் மூலதனமும்'. மெலிந்த புத்தகம். மார்க்ஸ் 1847-இல் பிரஸ்ஸல்ஸில் தொழிலாளர்களுக்கு நடத்திய வகுப்புகள், 1849-இல் அவருடைய பத்திரிகையில் வந்தன. கூலி என்றால் என்ன, அதை எது தீர்மானிக்கிறது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. கணக்கு எழுதுகிறவருக்குப் பிடிபடாமல் போகாது.

தமிழ் மொழிபெயர்ப்பில் 'உற்பத்திச் சாதனங்கள்' என்று வரும் இடத்தில் மிரள வேண்டாம். உங்கள் வீட்டு இட்லிக் கொப்பரையும் கிரைண்டரும்தான் அது. இப்போது அவை அம்மாவுடையவை. அரிசி, உளுந்து, கேஸ் செலவு போக மிஞ்சுவது அவர் கைக்கு வருகிறது. நாளைக்கே ஒருவர் ஐம்பது கொப்பரை வாங்கிப் போட்டு அம்மாவைத் தினக்கூலிக்கு அமர்த்துகிறார் என்று வையுங்கள். இட்லியும் அதேதான், அவிக்கிற கையும் அதேதான். காலை பத்து மணிக்குள் அவித்ததிலேயே அவருடைய கூலிக்கான மதிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் மதியம் இரண்டு மணி வரை அவிப்பது யாருக்கு? அந்த மிச்ச நேரத்தில் பிறப்பதற்குத்தான் மார்க்ஸ் பிற்பாடு உபரி மதிப்பு என்று பேர் வைத்தார்.

கொப்பரை யாருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் சோஷலிசத்தின் மையக் கேள்வி. அரசுக்கா, கூட்டுறவுச் சங்கத்துக்கா, அவிக்கிறவர்களுக்கே நேரடியாகவா என்று சோஷலிஸ்டுகளே தங்களுக்குள் நூறு வருஷத்துக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள். ரேஷன் கடை வேறு விஷயம். இரண்டாம் உலகப் போரின்போது சர்ச்சில் ஆண்ட பிரிட்டனிலும் ரேஷன் இருந்தது. சர்ச்சிலை யாரும் சோஷலிஸ்ட் என்று சொன்னதில்லை. ஆபீஸில் இதை மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

அடுத்தது மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸின் சிறுநூல், 1880-இல் வந்தது. கற்பனாவாத சோஷலிசம் எது, விஞ்ஞான சோஷலிசம் எது என்று பிரித்துக் காட்டுவது. நடுவில் தத்துவப் பகுதி கொஞ்சம் இழுக்கும், தாண்டிப் போங்கள். ஆனால் ராபர்ட் ஓவன் வரும் பக்கங்களை விடாதீர்கள். ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் பருத்தி ஆலை நடத்தியவர். பஞ்சு நெருக்கடியில் நாலு மாதம் ஆலை நின்றபோதும் தொழிலாளர்களுக்கு முழுக்கூலி கொடுத்தார் என்று எங்கெல்ஸ் எழுதுகிறார். இதை உங்கள் ஆபீஸ் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கும்போது, 1982 ஜனவரி 18-இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் அந்த வட்டாரத்து மில்களில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் தொடங்கியதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டையும் முடித்ததும் பலர் நேராக லெனினுக்குப் போகச் சொல்வார்கள். நான் தாதர் பக்கம் திருப்பிவிடுவேன், அம்பேத்கரிடம். காரணமும் மில்லில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் நெசவாளர் நாடாவில், அதாவது தறியில் குறுக்கே ஓடி நூல் விடும் கட்டையில், புது நூல் மாட்டும்போது வாயால் உறிஞ்சி இழுப்பார். தலித் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைப்பதா என்று மற்ற சாதித் தொழிலாளர்கள் மறுத்தார்கள். அதனால் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கிளப்பினார். முதலாளியும் தொழிலாளியும் என்று கோடு கிழித்த புத்தகங்களில் இந்த நாடா இல்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். சோஷலிஸ்டுகளுக்கு நேராக வைத்த கேள்விகள் அதில் இருக்கின்றன. தோல் வேலை பார்த்த தாத்தாவின் பேத்திக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே அம்பேத்கர் 1947-இல், முக்கியத் தொழில்களும் விவசாயமும் அரசுடைமையாக வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். அடுத்த வருஷமே, அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் 'சோஷலிஸ்ட்' என்ற சொல் வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா என்ற உறுப்பினர் கேட்டபோது வேண்டாம் என்றார். சமூகம் எப்படி அமைய வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவு செய்யட்டும் என்பது அவர் வாதம். அந்தச் சொல் 1976-இல்தான் முகப்புரையில் நுழைந்தது. இந்த முரணை அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள். கொஞ்ச நாள் உறுத்தட்டும்.

எதிர்த் தரப்பையும் படியுங்கள். பொருளாதாரம் முழுவதையும் அரசே திட்டமிடும் மையத் திட்டமிடல் சுதந்திரத்தைத் தின்றுவிடும் என்று 1944-இல் பொருளாதார அறிஞர் ஹயேக் எழுதியது அந்த வாதத்தின் கூர்மையான வடிவம். 1932-33இல் சோவியத் ஆட்சியின் கீழ் உக்ரைன் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்ததையும் எந்த நூலும் மூடி மறைக்க விடாதீர்கள்.

தமிழிலேயே படியுங்கள், வெட்கப்படாமல். மார்க்ஸ் - எங்கெல்ஸின் 1848 'கம்யூனிஸ்ட் அறிக்கை'யைப் பெரியார் 1931-இலேயே 'குடி அரசு' இதழில் தமிழில் வெளியிட ஆரம்பித்துவிட்டார். சமதர்மம், பொதுவுடைமை என்ற சொற்கள் நம் தாத்தாக்கள் மேடையில் கேட்டவை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் பட்டியலில் சிறுநூல்கள் கிடைக்கும்.

மாஹிமில் ஏறி லோயர் பரேலில் இறங்கக் கால் மணி நேரம் என்றால், பெட்டியில் நிற்க இடம் கிடைக்கிற அன்றைக்கு மூன்று பக்கம். ஞாயிற்றுக்கிழமை, படித்ததை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் "அப்போ கேஸ் விலை ஏறினா?" என்று கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். ஆறு மாதம் கழித்து 'மூலதன'த்தைத் திறக்கலாம், குகல்மன் வீட்டம்மாவுக்குச் சொன்ன இடத்தில். வேலைநாள் அத்தியாயத்தில் இப்போதே ஒரு பழைய ரயில் டிக்கெட்டைச் செருகி வையுங்கள்.